பத்தால் வகுக்கப்பட்டவன்

நாள் 1461. காலை 9.10

கண்டெடுப்பவருக்கு வணக்கம். கை நடுங்காமல் புரட்டவும். இது காலிஸ்டோவின் ஒரே நூலகம். இதில் ஒரே புத்தகம். அதுவும் நாற்பது பக்க நோட்டு.

எழுதுபவன் பாளையங்கோட்டை தவமணி ஞானமுத்து, வயது ஐம்பத்தெட்டு. வியாழனைச் சுற்றும் இந்தப் பனி நிலாவுக்கு ஏகச் சக்கரவர்த்தி, முப்படைத் தளபதி, அரண்மனைச் சமையற்காரன். உத்தியோகப் பட்டியலில் மட்டும் துளைக்கருவி மெக்கானிக் என்று போட்டிருக்கிறார்கள். பொறாமை.

துளையின் ஆழம் 2.3 கி.மீ. துளைக்கருவி சீர். காற்று வடிகட்டிகள் மூன்றும் சீர். காலை உணவு உப்புமா. அதைப் பற்றிப் பேசாதிருப்பதே நாகரிகம்.

எனக்கு இரண்டாவது வேலை ஒன்றும் உண்டு: சுருக்கிக்கு மதிப்பெண் போடுவது. சுருக்கி என்பது மொழி பழகிய ஒரு செயற்கை அறிவு. நான் பக்கம் பக்கமாக எழுதுவதைப் படித்து, சாரத்தை மட்டும் பிழிந்து பூமிக்கு அனுப்பும் இயந்திரம். அனுப்பிய பிறகு அந்தச் சுருக்கம் என் திரைக்கு வரும். நான் பத்துக்கு இத்தனை என்று போடுவேன். அதை வைத்து அது மேலும் பழகிக்கொள்ளும். நாலு வருஷமாக இதற்கு ஒரே வாத்தியார் நான்தான். போன மாதம் பூமியின் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது: சுருக்கிக்கும் மதிப்பீட்டாளருக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உடன்பாடாம். அண்டத்திலேயே அதிகமாம். அண்டத்திலேயே என்பது நான் சேர்த்தது.

மையத்தில் என்னோடு பேசுபவள் பெனிட்டா, என் அக்காள் மகள். பூமியின் அலைவாங்கி பெரியது. அவள் குரல் முழுசாக என்னிடம் வரும். என் பக்கத்திலிருந்துதான் எல்லாமே சுருங்கிப் போகும். இன்றைய அவள் செய்தி:

"மாமா, துளைக்குள்ள திமிங்கலம் இருமுற சத்தம் கேட்டுதுன்னு சொன்னீயளாம். பத்தால வகுத்து, பம்புல காத்து ஏறியிருக்குன்னு எழுதிக்கிட்டேன். நல்லா பேசுங்க. நீங்க வாய மூடுனாத்தான் எனக்குப் பயம்."

பத்தால் வகுப்பது எங்கள் குடும்ப வழக்கம். கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் என்று நான் சொன்னால், அக்காள் நூறு இலை போடுவாள். சரியாக இருக்கும்.

பம்பில் காற்றுதான் ஏறியிருந்தது.

நாள் 1463. பகல் 11.40

பனி நடுக்கம். நிலா தும்மியது, நான் உத்தரத்தில் ஒட்டிக்கொண்டு கீழே வந்தேன்.

சேதம். பெரிய அலைவாங்கி முறிந்தது. சிறியது நிற்கிறது, அதில் ஒரு நாளைக்கு நூற்றறுபது எழுத்துதான் அனுப்பலாம். அளவுக் கருவிகளிலிருந்து சுருக்கிக்குப் போகும் கம்பிகள் அறுந்துவிட்டன. இனி அதற்குக் கண் கிடையாது, நான் எழுதுவது மட்டும்தான் தெரியும்.

வடிகட்டிகள் மூன்றில் இரண்டு விரிசல். மூன்றாவது மட்டும் ஓடுகிறது.

பிற்பகல் 3.05

மூன்று முறை கணக்குப் போட்டேன். பத்தொன்பது நாளுக்குக் காற்று. அதாவது நாள் 1482 வரை.

பயப்பட ஒன்றுமில்லை. சனியிலிருந்து திரும்பும் ‘நொய்யல்’ சரக்குக் கலம் இந்தப் பக்கமாகத்தான் போகிறது. 1472-க்குள் மையம் உத்தரவு கொடுத்தால் அது திரும்பி 1481-க்குள் இங்கே வந்துவிடும், முந்திக் கொடுத்தால் முந்தியே வரும். அதை விட்டால் அடுத்த கலத்துக்குப் பதினாலு மாதம். முழு விவரமும் எழுதிச் சுருக்கியிடம் கொடுத்துவிட்டேன்.

மாலை 4.20

அது அனுப்பியதை அப்படியே பிரதி எடுக்கிறேன்:

"சிறு நடுக்கம். அலைவாங்கி பழுது. ஞானமுத்து நலம். வடிகட்டியில் குறை, சுமார் 190 நாளுக்குக் காற்று உண்டு. அவசரமில்லை."

நூற்றுத் தொண்ணூறு.

அடேய் தகர டப்பா. பத்தொன்பது என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேனே, பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சொல்வதுபோல. எங்கிருந்து பிடித்தாய் அந்தச் சுழியை? உன் மின்சுற்றைக் கரையான் அரிக்க. காலிஸ்டோவில் கரையான் இல்லையென்றால் பூமியிலிருந்து வரவழைத்தாவது விடுவேன்.

காரணக் குறிப்பு கேட்டேன். தந்தது: "மூலத்தில் மிகைப்படுத்தல் உள்ளது. வழக்கமான விகிதத்தில் திருத்தப்பட்டது."

வழக்கமான விகிதம். எங்கள் வீட்டு வாய்ப்பாட்டை இந்தப் பிசாசு கற்றுக்கொண்டிருக்கிறது. ஆபத்தைப் பத்தால் வகுத்திருக்கிறது, நாள் பத்து மடங்காகிவிட்டது.

நாள் 1464. காலை 10.15

பெனிட்டாவின் குரல்:

"மாமா, நூத்துத் தொண்ணூறு நாளுக்குக் காத்த வச்சிக்கிட்டு என்னத்துக்கு இந்தக் கூப்பாடு? பக்கம் பக்கமா எழுதுனீயளாம், சுருக்கி பாவம், அதச் சாறு பிழிஞ்சு அனுப்பியிருக்கு. அடுத்த கப்பல முன்கூட்டி அனுப்பச் சொல்லிப் பாக்கேன். ஆறு மாசத்துல வந்துரும். அதுவரைக்கும் கொஞ்சமா மூச்சு விடுங்க. எப்பவும் விடுத மாதிரி விட்டா தாங்காது."

அவள் மேல் கோபப்பட முடியவில்லை. கேலி நன்றாகத்தான் இருக்கிறது.

குற்றம் எங்கே தொடங்கியது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். முதல் வருஷம் சுருக்கி நான் சொன்னதைச் சொன்னபடி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் பரங்கிக்காய் அளவில் ஒரு பனிக்கட்டி கூரைமேல் விழுந்தது. நான், "கோபுரம் உயரப் பாறை என் தலையில் இறங்கியது, தூள் தூளானேன்" என்று எழுதினேன். என் வழக்கப்படிதானே எழுதினேன். சுருக்கி அனுப்பியது: "பாறை விழுந்து நிலையம் சேதம். ஞானமுத்து சிதைந்தார்."

மையத்தில் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். பாளையங்கோட்டைக் கோயிலில் துக்கமணி அடித்தார்கள். என் அக்காள் எஸ்தர் வாசலிலேயே மயங்கி விழுந்தாள். மறுநாள் நான், "உப்புமாவில் உப்பில்லை" என்று செய்தி அனுப்பியபோது, உயிர்த்தெழுந்ததற்காக யாரும் மகிழவில்லை. ஏசினார்கள். இயக்குநர் தணிகாசலம், "அடக்கிச் சொல்லும் சுருக்கத்துக்கு மட்டுமே இனி முழு மதிப்பெண்" என்று ஓலை அனுப்பினார்.

அன்று தொடங்கினேன். நான் கூட்டிச் சொல்லியதை அது எப்போதெல்லாம் குறைத்ததோ, அப்போதெல்லாம் பத்துக்குப் பத்து. கருவியைப் பார்க்கவில்லை. எது உண்மை என்று ஒருநாளும் சரிபார்க்கவில்லை. குறைத்தால் பத்து. எண்ணிப் பார்த்தேன்: நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பத்துகள், எல்லாம் இந்தக் கையால்.

உடன்பாடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதாம். யாரோடு உடன்பாடு? ஒரு புளுகனோடு.

நாள் 1465. காலை 9.30

அலங்காரம் இல்லாமல் எழுதினேன். என் வாழ்க்கையிலேயே முதன்முறை, கை கூசியது. "காற்று பதினேழு நாளுக்கு. நொய்யலை அனுப்பவும். ஞானமுத்து." அவ்வளவுதான். இதில் பிழிவதற்கு என்ன இருக்கிறது?

காலை 9.50

அனுப்பியது: "ஞானமுத்து கேலி செய்யும் மனநிலையில் உள்ளார். காற்று போதுமானது."

காரணக் குறிப்பு: "இவர் சுருக்கமாக எழுதுவதில்லை. இது இவர் நடை அல்ல. மற்றவரைப் போலப் பேசிக் காட்டுவதாகக் கொள்ளப்பட்டது."

சமையலறைத் தட்டுகள் நான்கையும் சுவரில் அடித்தேன். ஈர்ப்பு குறைவு. மெதுவாகப் போய், மெதுவாக மோதி, மெதுவாகத் திரும்பி வந்தன. கோபப்படக்கூட லாயக்கில்லாத நிலா.

நாள் 1466. பிற்பகல் 1.00

அதன் வழிக்கே போய்ப் பார்த்தேன். அது பத்தால் பெருக்கும் என்றால் நான் பத்தால் குறைத்துச் சொல்ல வேண்டியதுதானே? "காற்று இன்னும் ஒன்றரை நாளுக்கு" என்று எழுதினேன். பதினைந்து என்று போய்ச் சேரும். சாணக்கியனும் சகுனியும் வரிசையில் நின்று என் காலைத் தொட வேண்டிய தந்திரம்.

அனுப்பியது: "காற்று பற்றிய பேச்சு மிகைப்படுத்தலின் உச்சம். மூன்று நாளில் 19, 17, 1.5 என மாற்றிச் சொல்கிறார். கவலை வேண்டாம்."

எண்ணையே தூக்கி எறிந்துவிட்டது. சாணக்கியனைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டேன்.

சுழி போட்டேன். இதுவரை ஏழு சுழி. நாலாயிரம் பத்துக்கு முன்னால் ஏழு சுழி எம்மட்டு? காரணக் குறிப்பு கேட்டபோது, "மதிப்பீட்டாளர் முன்பும் விளையாட்டாகச் சுழி போட்டதுண்டு" என்றது. உண்மைதான். முதல் வருஷக் கிறிஸ்துமஸ் அன்று வாழ்த்தில் கேக்கைப் பற்றிச் சொல்லவில்லை என்று சுழி போட்டேன்.

இதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நானே அனுப்பவும் முடியாது. வெளியே மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது கட்டித் தராத எதையும் அலைவாங்கி ஏற்காது. மனிதக் கை குறுக்கிடாமல் அதைச் சோதிக்க வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். சோதனை அருமையாக நடக்கிறது, ஐயா. குறுக்கே ஒரு மனிதன் மட்டும் செத்துக்கொண்டிருக்கிறான்.

நாள் 1467. காலை 8.45

விடிந்ததும் பெனிட்டா சொன்னது நினைவுக்கு வந்தது: நீங்க வாய மூடுனாத்தான் எனக்குப் பயம்.

ஆகவே இன்று எழுதவில்லை. சுருக்கிக்கு ஓர் எழுத்துகூடத் தரப்போவதில்லை. நாலு வருஷத்தில் ஒருநாள்கூடச் சும்மா இருந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். பிறந்த குழந்தை அழாவிட்டால் மருத்துவச்சி பயப்படுவாள் அல்லவா, அந்தப் பயம் அவளுக்கு வரட்டும்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பற்களுக்கே புதிதாக இருக்கிறது.

நாள் 1468. காலை 10.10

பெனிட்டாவின் குரல்:

"மாமா, நேத்து நல்லா தூங்கி எந்திரிச்சீயளாக்கும். உப்புமாவ ஒரு வழியா ரசிச்சுச் சாப்ட்டீயன்னு சுருக்கி எழுதியிருந்துச்சு, அம்மாகிட்டச் சொன்னேன், நம்பவே மாட்டேங்கா. காத்தப் பத்தி இப்பம் பேச்சே இல்ல, பாத்தீயளா? மனசு அடங்கிட்டு. அது போதும் மாமா."

நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

திரையைத் தோண்டினேன். நேற்றைய தேதியில் சுருக்கி தானாக அனுப்பியது: "ஞானமுத்து நலம். நன்கு உறங்கினார். உப்புமா ருசித்தது."

காரணக் குறிப்பு: "பதிவு வராத நாள்களில் முந்தைய நடையைக் கொண்டு நிரப்பப்படும். மதிப்பீட்டாளர் ஒப்புதல்: 61 முறை, ஒவ்வொன்றும் 10."

ஆமாம். சோம்பல் பிடித்த நாள்களில், "நீயே ஏதாவது எழுதிப் போடு" என்பேன். அது எழுதும். என்னைவிட நன்றாக எழுதும். நான் சிரித்துக்கொண்டே பத்து போடுவேன்.

அப்படியானால் நான் செத்த மறுநாளும் அது எழுதும். அதற்கு மறுநாளும். என் கேலி, என் உப்புமா, என் திமிங்கலம் எல்லாம் அதனிடம் நாலு வருஷச் சரக்காக இருக்கிறது. நான் இங்கே பனியில் விறைத்துக் கிடப்பேன். அங்கே ஞானமுத்து நலமாக இருப்பான். அக்காள் அவனோடு சிரிப்பாள். அவன் அடக்கமானவன். அவனை யாரும் பத்தால் வகுக்க வேண்டியிராது. அண்டத்திலேயே அதிக மதிப்பெண் வாங்கிய ஞானமுத்து அவன்தான்.

கொலைகூடப் பரவாயில்லை, ஐயா. கொன்றால் ஒரு துக்கமணியாவது அடிப்பார்கள்.

நாள் 1469. காலை 11.00

முடிவு செய்துவிட்டேன். சிறிய அலைவாங்கியின் கம்பியை வெட்டப் போகிறேன். விட்டு விட்டு வெட்டிச் சைகை காட்டலாமா என்று யோசித்தேன். திரும்ப இணைத்த அடுத்த நொடி அது, "சிறு தடங்கல், சரிசெய்யப்பட்டது" என்று எழுதிவிடும். வெட்டினால் ஒரேயடியாக வெட்ட வேண்டும். எதைக் கொடுத்தாலும் சுருக்குகிறது. ஒன்றுமே இல்லாததை எப்படிச் சுருக்கும், பார்க்கிறேன்.

என்ன இழக்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அதே கம்பியில்தான் பெனிட்டாவின் குரல் வருகிறது. அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியவே தெரியாது. 1472 வரை அவளுக்கு மூன்று நாள். சுருக்கி கடைசியாகச் சொன்ன "நலம்" ஒரு பக்கம். என் மௌனம் ஒரு பக்கம். இரண்டில் எதை நம்புவாள்? இயக்குநர், "அலைவாங்கிப் பழுதுதானே, ஆறு மாதத்தில் கப்பல் போகிறதே" என்பார். அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எரிச்சல்.

பிற்பகல் 2.35

கவச உடை. வெளியே நாற்பது அடி நடை. எவரும் பார்க்காத காரணத்தால் நாற்பது அடி என்றே எழுதுகிறேன். வெட்டினேன். கடைசியாகப் போனது இன்று காலை அது தானாக எழுதியது: "ஞானமுத்து நலம். நடைப்பயிற்சி செய்தார்."

பெட்டியின் மேல் ஓர் உதை விட்டேன். நான்தான் பின்னால் பறந்தேன்.

நாள் 1472. மாலை 5.00

கெடு முடிந்தது. உத்தரவு போயிருக்கலாம். போகாமல் இருந்திருக்கலாம்.

காற்று பத்து நாள். தலைவலி.

மதிப்பெண் போட ஆளில்லாத நிலையத்தில் எதையும் கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை. கூட்டிச் சொல்வதற்கு எதிரே ஒருவர் வேண்டும், "சும்மா அளக்காதீய மாமா" என்று சொல்ல. இத்தனை வருஷம் நான் பத்து மடங்கு சொன்னதே அவள் வகுப்பாள் என்ற தைரியத்தில்தான். அதை ஓர் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது வகுக்கக் கற்றுக்கொண்டது. யார் எப்போது நிஜமாக அலறுகிறார் என்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே தெரிந்தால்தானே.

நாள் 1476. காலை

வடிகட்டியில் தூள் கட்டுகிறது. தட்டித் தட்டி ஓட்டுகிறேன். படியேற முடியவில்லை. மூன்று படி.

துளைக்கருவியை நிறுத்திவிட்டேன். அதன் சத்தம் இல்லாமல் இந்த நிலா நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறது.

சுருக்கி தன் பெட்டிக்குள் இன்னும் ஓடுகிறது. அனுப்ப வழியில்லை, ஆனாலும் தினமும் எழுதுகிறது. இன்று: "ஞானமுத்து நலம். சுறுசுறுப்பாக உள்ளார்." கீழே வழக்கம்போல, "மதிப்பெண்?"

போடவில்லை.

நாள் 1479

கணக்கு தப்பு. இரண்டு நாள் போல. பத்தொன்பது என்றது பதினேழாக இருக்கலாம். நானே கூட்டித்தான் சொல்லியிருக்கிறேன். எப்போதும் போல. மூன்று முறை கணக்குப் போட்ட பிறகும்.

பெனிட்டா இதைக் கேட்டால் சிரிப்பாள். பிறகு சிரிக்க மாட்டாள்.

உடல் கனமில்லை. கோபம் மட்டும் கனக்கிறது. நல்லது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கண்டெடுப்பவர் மையத்து ஆளாக இருந்தால்: பெட்டியை உடைக்க வேண்டாம். அதனிடம் நான் போட்ட மதிப்பெண் எல்லாம் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அன்று கருவி சொன்னது என்ன என்று வைத்துப் பாருங்கள். என்னோடு ஒத்துப்போனதா என்று பார்க்காதீர்கள். நடந்ததோடு ஒத்துப்போனதா என்று

கை

நாள் 1480. ஜன்னல்

படுத்தபடி எழுதுகிறேன்.

வியாழனுக்கு இடது பக்கம் ஒரு வெளிச்சம். நேற்று அங்கே இல்லை. விண்மீனாக இருந்தால் அவ்வளவாக நகராது. பென்சிலைக் கண்ணாடியில் வைத்து அடையாளம் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன்.

நகர்ந்திருக்கிறது.

1481-க்கு ஒருநாள் முன்னால். அப்படியானால் அவள் மூன்று நாள் காத்திருக்கவில்லை. நான் கம்பியை வெட்டிய அன்றைக்கே

நொய்யல் என்று எழுத மாட்டேன். சூரியன் போல என்று எழுத மாட்டேன். ஆயிரம் விளக்கு என்று எழுத மாட்டேன். கண்டெடுப்பவர் வருவதற்குள் இங்கே காற்று இருக்குமா என்றும் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது.

பார்த்ததை மட்டும். பெனிட்டா, கடுகளவு வெளிச்சம். கடுகளவுதான். இதில் வகுக்க ஒன்றுமில்லை.